பச்சை பூசிய பாதிப் பூ

எங்கள் ஆட்களின் கலியாண மண்டபங்களில் ஒரு பகிடி இன்னும் ஓடுகிறது. யாராவது பிழை விட்டுவிட்டு முழித்தால், பக்கத்துக் கதிரைக்காரர் இரண்டு கையையும் விரித்து, "ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை!" என்பார். மேசை முழுக்கச் சிரிக்கும். அந்த வசனம் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று சிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கேட்டவுடன் எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிடும். ஒரு முறை சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனேன். "உவவுக்கு என்ன விசரோ, பைத்தியமோ?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள். ஓம், விசர்தான்.

அந்த வசனத்துக்குச் சொந்தக்காரர் எங்கள் பழைய வீட்டுக்காரர். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நானும் என் கணவரும் ரொறொன்ரோவில் அவருடைய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே அவரும் மனைவியும். நாங்கள் அவரை அண்ணை என்போம், மனைவியை அக்கா என்போம். பெயர் எழுத மாட்டேன். எழுதினால் அந்தப் பகிடிக்காரருக்கு இன்னும் வசதியாகப் போய்விடும்.

ஸ்ரீட்கார் என்கிற டிராம் ஓடும் தெருவிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஆறு வீடுகள் ஒட்டியபடி ஒரு வரிசை. இங்கிலாந்திலிருந்து வந்த கொத்தர்கள் தங்கள் ஊர் முறையில் நூறு வருடத்துக்கு முன்னர் கட்டியது. சிவப்புச் செங்கல், ஜன்னலுக்கு மேலே மஞ்சள் கல் வளைவு, முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட பெரிய ஜன்னல், அதற்கு மேலே கூரான முகடு, முகட்டின் ஓரமெல்லாம் மரத்தில் வெட்டிய பின்னல் வேலை. வீடுகள் இரண்டிரண்டாகச் சோடி. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது தெரியும். வாசற்கதவுகள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுக்கும் ஒரே முன்கூரை. அந்த முன்கூரையின் நெற்றியில் மரத்தில் செதுக்கிய ஒரு சூரியகாந்திப் பூ, சுளகளவு பெரிது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரேயொரு சுவர். அந்தச் சுவரின் இரண்டு பக்கத்திலும் முதுகோடு முதுகாகக் குளிர்காயும் அடுப்புகள். இரண்டு அடுப்பின் புகையும் ஒரே செங்கல் தூணுக்குள் ஏறி, கூரைக்கு மேலே ஒரே புகைபோக்கியாக வெளியே வரும்.

எங்கள் அண்ணைக்குப் பிடிபடாதது அந்தச் சுவர்தான். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது வேலி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அவருடைய தகப்பனின் காணியைப் பக்கத்துக் காணிக்காரன் ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் தடிகளை விரற்கடை விரற்கடையாக அரக்கி அரக்கி, கடைசியில் ஒரு கிணற்றையே தன் பக்கம் கொண்டுபோய்விட்டானாம். தகப்பன் வழக்குக்கு நடந்து நடந்தே செத்துப்போனார். இந்தக் கதையை எங்களுக்கு அவர் மாதத்துக்கு ஒரு தடவை சொல்வார். முடிவில் ஒரு வசனம் வரும். "என்ர ஒரு அங்குலம் ஒருத்தனுக்கும் குடுக்கன். ஒருத்தன்ர ஒரு அங்குலம் எனக்கும் வேண்டாம்." முதல் பாதியை வைத்துத்தான் எல்லாரும் அவரைப் பகிடி பண்ணினார்கள். இரண்டாம் பாதியை நானும் காதில் போடவில்லை.

அந்தக் கோடையில் முன்கூரைக்குப் பெயின்ற் அடித்தார். ஏணியில் ஏறி, உச்சியிலிருந்து நூலில் ஒரு இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, குண்டு ஆடி ஓயும்வரை மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்று, பென்சிலால் கோடு கீறினார். பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் பச்சை. பின்னல் வேலையில் பாதி பச்சை, பாதி பழைய வெள்ளை. பூவிலும் பாதிதான். நடுக்குமிழைக்கூட விடவில்லை, சரி பாதி. தெருவில் போகிறவர்கள் நின்று படமெடுத்தார்கள். எனக்கு மானம் போனது.

பக்கத்து வீட்டு மனிசி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். எழுபத்தைந்து தாண்டிய வெள்ளைக்காரி. அந்த வீட்டிலேயே பிறந்து, கலியாணம் கட்டி, புருசனைச் சாகக் கொடுத்து, தனியே இருந்தவர். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னிடம், "கேட்டிருந்தால் முழுவதற்கும் பச்சை அடிக்கச் சொல்லியிருப்பேனே, பாவம் அந்தப் பூ" என்றார்.

அண்ணைக்கு வேலையிடத்து இங்கிலிஷ் வரும். வீடு, சட்டம், அயல் என்று வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஏணியிலிருந்தபடியே, "அவவின்ர பாதி அவவுக்கு. நான் தொடன் எண்டு சொல்லு" என்றார்.

"அண்ணை, அவ தாறன் எண்டெல்லோ சொல்லுறா!"

"தந்தாலும் வேண்டாம். இண்டைக்குத் தருவினம், நாளைக்குக் கேப்பினம்."

இப்படி ஒரு பிடிவாதத்தை எந்த இங்கிலிஷில் சொல்வது? நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். அப்போதே எனக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது.

பனி கொட்டினாலும் இதே கூத்துத்தான். இரண்டு வாசலுக்கும் பொதுவான படியில் அவர் பனி அள்ளும் சவளால் தன் பாதியை மட்டும் கத்தியால் வெட்டினதுபோல வழித்து வைப்பார். அந்தக் கிழவி வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். "அவவின்ர படியில நான் சவள் வைச்சா, அது ஆரின்ர படி?" என்று திருப்பிக் கேட்டார். நான் அவர் வேலைக்குப் போனபிறகு இறங்கி மற்றப் பாதியை வழித்தேன். வயிற்றெரிச்சலில் ஒவ்வொரு சவளுக்கும் அவரை ஒரு முறை திட்டினேன்.

எங்களுக்கு முன்னர் மேல்மாடியில் இருந்த புருசன் பெண்சாதி, படம் மாட்ட ஒரு ஆணி அடித்தார்களாம். "என்னைக் கேளாமல் என்ர சுவரில ஆணியோ?" ஒரு கிழமையில் அவர்களைப் பெட்டி படுக்கையோடு வெளியே விட்டுவிட்டார், நடு மாசிப் பனிக்குள். இந்தக் கதையை அக்கா எங்களுக்கு முதல் நாளே சொல்லிவைத்தார். பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தால் கதவைச் சாத்துகிற ஊரில் ஒன்பது இடம் ஏறி இறங்கி, பத்தாவதாகக் கிடைத்த வீடு அது. நான் அந்த ஆணியை ஒரு நாளும் மறக்கவில்லை.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத்தான் பாவம். பின்வளவில் அந்த மனிசியின் பேரிக்காய் மரம் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. எங்கள் பக்கம் விழுகிற காய்களை அண்ணை ஒன்று விடாமல் பொறுக்கி, கடைப் பையில் போட்டு, மனிசியின் வேலியில் கொண்டுபோய்க் கொழுவிவிடுவார். எனக்கு அப்போது எட்டு மாதம். ஒரு நாள் புல்லில் கிடந்த ஒன்றை எடுத்துத் துடைத்துக் கடித்துவிட்டேன். பின்கதவில் நின்று பார்த்துவிட்டார்.

"பிள்ளை! உது எங்கட இல்லை!"

"விழுந்து கிடந்தது அண்ணை."

"எங்க விழுந்தா என்ன? மரம் ஆரின்ர? போய்ச் சொல்லிப்போட்டு வா."

கடித்த காயோடு வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய், அழுகிறேனா ஆத்திரப்படுகிறேனா என்று தெரியாமல் அந்த மனிசியின் கதவைத் தட்டினேன். அவர் என்னை உள்ளே இழுத்து இருத்தி, தேத்தண்ணி தந்து, ஒரு பை நிறையப் பேரிக்காயும் தந்து அனுப்பினார். அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் ஒரு கதிரை இருந்தது. பையைக் கண்டதும் அண்ணையின் முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியே, கேட்டு வாங்கினா அது உன்ர" என்றார்.

ஐப்பசியில் எனக்கு மகள் பிறந்தாள். அதே நாட்களில் அண்ணையின் மகனுடைய விசா அலுவல் கொழும்பில் இரண்டாவது வருடமாக இறுகிப்போய்க் கிடந்தது. ஒரேயொரு பெடியன். தொலைபேசி அடித்தாலே அக்கா சாமிப் படத்தைப் பார்ப்பார். யாரோ ஒரு சாத்திரியாருக்கு வீட்டின் அமைப்பைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வடகிழக்கு மூலையில் என்ன இருக்கிறது என்று சாத்திரியார் கேட்டிருக்கிறார். அங்கே இருந்தது, கீழ்மாடிப் பின்னறையின் அந்தக் குளிர்காயும் அடுப்பு.

"ஈசான மூலையில நெருப்பு வைச்சுக் கட்டியிருக்கிறான் வெள்ளைக்காரன். பெடியன் எப்பிடி வருவான்?" என்றார் அண்ணை. அதை இடித்து, அந்த மூலையில் சாமியறை வைப்பது என்று முடிவாயிற்று. அடுப்பும் அதன் செங்கல் தூணும் சுவரிலிருந்து ஒன்றரை அடி வெளியே தள்ளி நின்றன. அந்த ஒன்றரை அடியும் தன் பக்கம் என்று அளந்து பார்த்துவிட்டார். சுவரைத் தொடத் தேவையில்லை, தள்ளி நிற்பதை மட்டும் வெட்டினால் போதும். தகப்பன் இழந்த கிணற்றுக்குப் பிறகு அவருடைய பரம்பரையிலேயே இவ்வளவு கவனமாக எல்லை பார்த்தவர் இல்லை. ஆனால் அவர் பார்த்தது இடப்பக்கம் வலப்பக்கம் மட்டும். மேலே பார்க்கவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை. ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் முதல் அடி விழ வேண்டும் என்று நேரம் குறித்திருந்தது. நிறைகுடம் வைத்து, சுத்தியலுக்குச் சந்தனம் பூசி, தேங்காயும் உடைத்தாயிற்று. என் கணவர் கல் சுமக்க நின்றார். அக்கா தாலிக்கொடியைக் கையில் பிடித்தபடி மகனின் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றார். அப்போது வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு மனிசி. அதற்கு முந்தின நாள் நானே வாய்தவறி இடிக்கப்போகிற கதையைச் சொல்லியிருந்தேன். கோட்டும் போடாமல் ஓடி வந்திருந்தார்.

அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் எழுத்தெழுத்தாக நினைவிருக்கிறது. "இது ஆறு வீடு இல்லை, பிள்ளை. ஒரே வீடு, ஆறு கதவு. கூரைக்கு மேலே நிற்கிற புகைபோக்கிக் கல்லெல்லாம் உங்கள் காலிலும் என் காலிலும் சேர்ந்து நிற்கிறது. நீங்கள் உங்கள் காலை வெட்டினால் என் கால் தனியே தாங்காது. சுவருக்கு அந்தப் பக்கம் என் கட்டில். ஒரு எஞ்சினியர் பார்க்கும்வரை பொறுக்கச் சொல். நகரசபைக்கு நான் போன் அடிக்க மாட்டேன், அயலவரைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் எங்கள் வரிசையில் இல்லை. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்."

எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு சொல் விடாமல் விளங்கியது.

உள்ளே திரும்பினேன். மணி பத்தாக எட்டு நிமிடம். அண்ணை சுத்தியலைத் தோளில் வைத்தபடி, "உவ என்னவாம்?" என்றார்.

நல்ல வேலை தொடங்குகிற இடத்தில் தடைச்சொல் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், வாயைத் திறந்தால் அவருடைய பெடியனை வழி மறித்தவள் நான்தான் என்று எழுதியிருந்தது. மேலே என் மூன்று மாதக் குழந்தை நித்திரை. வெளியே முழங்கால் அளவு பனி. அந்த ஆணி. முதல் அடி விழட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று நினைத்தேன்.

"சத்தம் கூடவா இருக்குமாம், அண்ணை."

"ஓ, சத்தமே? ஒரு நாள் பொறுக்கச் சொல்லு." நேரத்துக்கு அடி விழுந்தது.

பின்னேரம் சொல்லியிருக்கலாம். ஞாயிறு சொல்லியிருக்கலாம். பாதி இடித்தாயிற்று, இனிச் சொன்னால் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பாரே. புதன்கிழமை அந்த மனிசி படியில் நிறுத்தி, "எஞ்சினியர் பார்த்தாரா?" என்று கேட்டார். "ஓம், பார்த்தார்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சீ, நானும் ஒரு மனிசியா?

கீழே அடுப்புப் போய், அந்த இடத்தில் பளிங்குக் கல் போட்டுச் சாமி வந்துவிட்டது. எங்கள் மேலறையில் அதே தூணின் மேற்பாதி ஒன்றிலும் ஊன்றாமல் பலகைத் தரையில் குந்திக்கொண்டிருந்தது. இரண்டு கிழமையில் மகளின் பால் போத்தல் தானாக அந்தப் பக்கம் உருளத் தொடங்கியது. தொட்டிலை மட்டும் எதிர்ச் சுவரோரம் தள்ளி வைத்தேன். கணவர் ஏன் என்று கேட்டார். "ஜன்னல் காத்து" என்றேன்.

பங்குனியில் பனி கரைந்த ஒரு மத்தியானம், நான் மகளை டொக்டரிடம் கொண்டுபோயிருந்த நேரம், புகைபோக்கி இறங்கியது. எங்கள் பக்கத் தூண் சாமியறைக்குள் விழுந்தது. அதோடு பின்னியிருந்த அந்த மனிசியின் பக்கத்துக் கல்லும் கூடவே பிய்ந்து அந்தக் கட்டிலில் விழுந்தது. மனிசி மத்தியானத் தூக்கத்தில் இருந்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது தீயணைப்புக்காரர் அவரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் செங்கல் தூள். உயிர் இருந்தது. இடுப்பு போயிற்று. பிறந்த வீட்டுக்குள் அவர் அதன்பிறகு கால் வைக்கவே இல்லை. முதியோர் இல்லத்தில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

நகரசபை ஆள் வந்து முன்வாசலில், அந்தப் பாதிப் பச்சைப் பூவுக்குக் கீழே நின்று விசாரித்தார். ஜனவரியிலேயே இந்தப் பெண் மூலம் எச்சரித்ததாக அந்த அம்மா ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாரே, உண்மையா? நான் அதைத் தமிழில் அண்ணையிடம் சொன்னேன். இந்த முறை முழுவதையும் சொன்னேன்.

அண்ணை என்னைப் பார்த்தார், நகரசபை ஆளைப் பார்த்தார், இரண்டு கையையும் விரித்தார். "ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை! சத்தம் எண்டுதான் சொன்னவ. அவவின்ர பக்கமும் சேந்து விழும் எண்டு தெரிஞ்சா நான் கை வைச்சிருப்பனே? ஒருத்தன்ர ஒரு அங்குலம் எனக்கு வேண்டாம்! சொல்லு பிள்ளை, அண்டைக்கு என்ன சொன்னவ எண்டு உவருக்குச் சொல்லு!"

உண்மை. அவர் வாயிலிருந்து வந்தது முழு உண்மை. பக்கத்து வீட்டுப் பேரிக்காய் ஒன்றைக்கூட வைத்திருக்காத மனுசன். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் சந்தனம் பூசிய சுத்தியலை அப்படியே கீழே போட்டிருப்பார். நேரமாவது சாத்திரமாவது, அடுத்தவரின் அங்குலத்துக்குப் பயந்து மகனையே இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க விட்டிருப்பார். அது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. உறைத்தும் என்ன?

"எனக்குச் சரியாக நினைவில்லை" என்றேன், இங்கிலிஷில்.

அவ்வளவுதான். அவர் பொய்யர் ஆனார். படுத்த படுக்கையான ஒரு கிழவி சொன்னதையும், முன்கூரையில் பாதிப் பூவுக்குப் பெயின்ற் அடித்த கஞ்சன் சொன்னதையும் வைத்துப் பார்த்தால் யாரை நம்புவார்கள்? எங்கள் ஆட்கள்தான் முதலில் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் கண்ட இடத்திலெல்லாம், கோயில் வாசலில், சாமத்தியச் சடங்கில், பிணம் கிடக்கும் மண்டபத்தில்கூட, "ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை" என்று ஆட்களைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார். சொல்லச் சொல்ல அது பகிடியாயிற்று. சித்திரையில் மகன் வந்து இறங்கினான். "கல்லு போச்சு, பிள்ளை வந்திட்டுது" என்று அக்கா சொன்னார். அண்ணை அதற்குச் சந்தோசப்படவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை பேரிக்காய் வாங்கிக்கொண்டு போனாராம். அந்த மனிசி பார்க்க மறுத்துவிட்டார். நான் போனபோது என்னை நெற்றியில் கொஞ்சினார். "நீ சொன்னாய்தானே, கண்ணே. அவன் கேட்கவில்லை" என்றார். நான் தலையாட்டினேன்.

நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் ஒரு தொடர்மாடிக்குப் போய்விட்டோம். நான்கு வருடம் கழித்து அண்ணை மில்லிக்கனில் தனி வீடு வாங்கி, குடிபூரலுக்குக் கூப்பிட்டார். போகாமல் விட்டிருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியே கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "பாத்தியே, நாலு பக்கமும் காத்து. ஒருத்தரின்ர கல்லும் இதில முட்டேல்லை." மெலிந்திருந்தார். பின்பக்கம் வந்ததும் நின்றார்.

"பிள்ளை, கோவமில்லை. எனக்குத் தெரியவேணும். அண்டைக்குக் காலமை அந்த மனிசி என்னதான் சொன்னவ?"

வேறு ஒருவரும் இல்லை. மேலே குழந்தை இல்லை, பனி இல்லை, ஆணி இல்லை. வீட்டை விட்டு எழுப்ப அவர் எனக்கு வீட்டுக்காரரும் இல்லை.

"சத்தம் எண்டுதான் சொன்னவ, அண்ணை."

பெரிய மூச்சு ஒன்று விட்டார். முகம் தெளிந்தது. "எனக்குத் தெரியும். உலகம் என்னவும் சொல்லட்டும். ஒரு பேரிக்காய்க்கே போய்ச் சொல்லிப்போட்டு வந்த பிள்ளை நீ" என்றார். என் கையில் வடைப் பார்சலைத் திணித்துவிட்டு உள்ளே போனார்.

அவர் செத்து வருடங்களாயிற்று. கோபம் ஆறவில்லை. அவ்வளவு அளந்த மனுசன், நூலில் குண்டு கட்டிப் பூவையே பாதியாய்ப் பிரித்த மனுசன், என்னை ஒரு தடவையாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?